மேலறையில் சுழலும் அலை: படபடப்பு பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் இதயத் துடிப்பு தாறுமாறாவது பற்றி இரண்டே இரண்டு பத்திதான் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாக் கேள்விகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: இது ஏன் வந்தது, வந்தது ஏன் போக மாட்டேன் என்கிறது? இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரியும், ஆனால் தொடங்குவதற்கு ஒரு காரணம், நீடிப்பதற்கு வேறு காரணம். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் உங்கள் மருத்துவர் சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஆஞ்சியோ எடுத்தாயிற்று, அடைப்பு எதுவும் இல்லை என்கிறார்கள். ஆனால் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடைப்பே இல்லாத இதயத்தில் எப்படி இந்தக் கோளாறு வரும்? (58 வயது வாசகர்)

ஆஞ்சியோவில் பார்ப்பது ரத்தக் குழாய்களை. உங்கள் பிரச்சினை இருப்பது மின்னோட்டத்தில். வீட்டில் தண்ணீர்க் குழாய் நன்றாக இருக்கும், வயரிங்கில் கோளாறு இருக்கும், அது மாதிரி.

இதயத்தின் வலது மேலறையில், மேலிருந்து வரும் பெரிய சிரை வந்து சேரும் இடத்தை ஒட்டி, சைனஸ் கணு என்று ஒரு சிறு தசைத் திட்டு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் 1907-ல் கண்டுபிடித்தார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது ஒரு மின் அலையைக் கிளப்பிவிடுகிறது. அந்த அலை இரண்டு மேலறைகளிலும் பரவி, நடுவில் இருக்கும் ஏ.வி. கணு என்ற ஒரே வாசல் வழியாகக் கொஞ்சம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை முழுவதும் பரவி முடித்ததும் அலை தானாக அணைந்துவிடும், ஏனென்றால் அது போன வழியில் உள்ள செல்கள் எல்லாம் அப்போதுதான் வேலை செய்து ஓய்ந்திருக்கின்றன, திரும்பத் தூண்ட முடியாது. அடுத்த அலைக்கு சைனஸ் கணுதான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு துடிப்பும் இப்படிப் பிறந்து இப்படி முடிகிற ஒரு அலை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இனி ஏ.எஃப். என்றே எழுதுகிறேன்) மேலறைகளில் நிமிடத்துக்கு 350-லிருந்து 600 வரை அலைகள் ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தசை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. நல்லவேளையாக ஏ.வி. கணு எல்லாவற்றையும் கீழே விடாது, சிலவற்றைத்தான் விடும், அதுவும் எந்த வரிசையும் இல்லாமல். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு சேர்ந்து வரும், அப்புறம் ஒரு இடைவெளி, பிறகு வேகமாக மூன்று, அதில் ஒன்று விரலுக்கே எட்டாத அளவு மெல்லியது. அடுத்தது எப்போது வரும் என்று எவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்தாலும் கணிக்க முடியாது. அப்படிக் கணிக்கவே முடியாமல் இருப்பதுதான் இதன் அடையாளம்.

சரி, முதல் தீப்பொறி எங்கிருந்து? 1998-ல் பிரான்ஸின் போர்டோ நகரத்தில் மிஷேல் ஹைசகேர் குழுவினர், அடிக்கடி ஏ.எஃப். வந்து போகும் 45 பேருடைய இதயத்துக்குள் மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் அதைத் தொடங்கிவைக்கும் அந்த முதல் துடிப்பு எங்கே பிறக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். 69 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன, அதாவது நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் நான்கு குழாய்களுக்குள். அதுவரை எல்லோரும் மேலறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் துறையின் திசையையே மாற்றிய ஆய்வு என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

குழாய்க்குள் எப்படி மின்சாரம் என்று கேட்கலாம். இடது மேலறையின் தசை அந்தச் சிரைகளுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் தூரத்துக்கு, சட்டைக் கை மாதிரி, நீண்டு போயிருக்கிறது. எல்லா மனிதர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தசை செல்கள் மேலறை செல்களைப் போல நிதானமானவை அல்ல, சீக்கிரம் உசுப்பிவிடலாம். இழைகளும் ஒரே திசையில் போகாமல் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்புகின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் ஒரு பை இருக்கிறது. துடிப்பின்போது மட்டும் திறக்க வேண்டிய அந்தப் பை, செல்லுக்குச் சுமை கூடும்போது, இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் கசிய ஆரம்பிக்கும். கசிந்த கால்சியத்தை செல் வெளியே தள்ளப் பார்க்கும். ஒரு கால்சியம் வெளியே போக மூன்று சோடியம் உள்ளே வரும், கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நேர்மின்னூட்டம் உள்ளே மிஞ்சுகிறது. அது சேர்ந்து சேர்ந்து ஒரு எல்லையைத் தாண்டினால், யாரும் கேட்காத ஒரு துடிப்பு கிளம்பிவிடும். ஏ.எஃப்.-ஐத் தொடங்கிவைக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று இந்தக் கசிவு.

கேள்வி: எனக்கு 24 மணி நேர ஹோல்டர் பரிசோதனையில் (உடலில் மாட்டிய சிறு கருவி துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்வது) ‘கூடுதல் துடிப்புகள்’ இருப்பதாக வந்தது. மருத்துவர் பயப்பட வேண்டாம் என்கிறார். என் அண்ணனுக்கும் இதே மாதிரி கூடுதல் துடிப்புதான், ஆனால் அவருக்கு ஏ.எஃப். வந்துவிட்டது. ஒரே பொறி, ஒருவருக்கு மட்டும் எப்படித் தீயாகிறது? (41 வயது வாசகி)

இந்த இதழின் மிக நல்ல கேள்வி உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கூடுதல் துடிப்பு அநேகமாக எல்லோருக்கும் எப்போதாவது வரும். பொறி ஈரவிறகில் விழுந்தால் அணைந்துவிடும், காய்ந்த விறகில் விழுந்தால்தான் பற்றும். காய்ந்த விறகு என்றால் இங்கே என்ன என்பதைப் புரிந்துகொள்ள, நூறு வருடம் பின்னால் போய் ஒரு ஜெல்லி மீனைப் பார்க்க வேண்டும்.

1906 வாக்கில் ஆல்ஃப்ரெட் மேயர் என்ற கடல் உயிரியலாளர், ஜெல்லி மீனின் குடை போன்ற உடலிலிருந்து ஒரு வளையத்தை வெட்டி எடுத்தார். அதைத் தானாகத் துடிக்க வைக்கும் உறுப்புகளையும் நீக்கிவிட்டார். வளையத்தில் ஓரிடத்தைத் தூண்டினால் அங்கிருந்து இரண்டு பக்கமும் சுருக்க அலை கிளம்பும், எதிர்ப்பக்கத்தில் ஒன்றோடு ஒன்று மோதி இரண்டும் அணையும். அவர் செய்தது இதுதான்: தூண்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் அழுத்திப் பிடித்து அந்தப் பக்க அலையைத் தடுத்தார், மறுபக்க அலை கொஞ்ச தூரம் போனதும் அழுத்தத்தை விட்டுவிட்டார். மோதுவதற்கு எதிரில் யாரும் இல்லாத அந்த ஒற்றை அலை வளையத்தை முழுதாகச் சுற்றி வந்தது. தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது அங்கே தசை ஓய்வெடுத்து மறுபடி தயாராக இருந்தது. இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று என்று நாள் கணக்கில் அது ஓடிக்கொண்டே இருந்தது, வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமல்.

சில வருடங்கள் கழித்து ஜார்ஜ் மைன்ஸ் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் இதையே ஆமை இதயத்தின் தசை வளையத்தில் காட்டி, இதயத்தின் வேகத் துடிப்புகளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று சொன்னார். சுற்றோட்டம்தானா என்று எப்படி உறுதி செய்வது? வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள், ஓட்டம் நின்றுவிட்டால் அது சுற்றோட்டம்தான் என்பது அவர் சொன்ன சோதனை. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அலை சுற்ற வேண்டுமென்றால் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று, அலை ஒரு பக்கம் தடைபட்டு மறுபக்கம் போக வேண்டும். மேலறையில் எல்லா இடமும் ஒரே நேரத்தில் ஓய்விலிருந்து எழுவதில்லை, சில திட்டுகள் சீக்கிரம் தயாராகும், சில தாமதமாகும். கூடுதல் துடிப்பு சரியாக அந்த இடைவெளியில் வந்து விழுந்தால், தயாராகாத பக்கம் நின்றுபோய், தயாரான பக்கமாகப் பாயும். மேயர் விரலால் செய்ததை இங்கே நேரம் செய்கிறது. இரண்டாவது, சுற்றி வர இடம் போதுமான அளவு இருக்க வேண்டும். அலை சுற்றி வருவதற்குள் தொடங்கிய இடம் ஓய்வெடுத்து முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அலை தன் வாலிலேயே முட்டி அணைந்துவிடும்.

இந்த ‘இடம் போதுமா’ என்பதை ஒரு எளிய பெருக்கலில் பார்க்கலாம். அலையின் வேகத்தை ஓய்வு நேரத்தால் பெருக்கினால், அலைக்குத் தேவையான குறைந்தபட்சப் பாதையின் நீளம் கிடைக்கும். ஆரோக்கியமான மேலறையில் நொடிக்கு 80 சென்டிமீட்டர் வேகம், கால் நொடி ஓய்வு என்று வைத்துக்கொண்டால் 20 சென்டிமீட்டர். இடது மேலறையின் குறுக்களவு சுமார் 4 சென்டிமீட்டர்தான், சுற்றளவு 12, 13-க்கு மேல் போகாது. இடமே இல்லை, அலை அணைந்துவிடும். இதே மேலறையில் தசைக்கு நடுவே நார்த்திசுத் தழும்புகள் ஊடுருவி வேகம் பாதியாகி 40 ஆகவும், ஓய்வு நேரமும் பாதியாகக் குறைந்து 0.12 நொடியாகவும் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது 5 சென்டிமீட்டர் போதும். கூடவே மேலறை விரிந்தும் போயிருந்தால் ஒன்றல்ல, பல அலைகள் ஒரே நேரத்தில் சுற்ற இடம் கிடைத்துவிடும். உண்மையான மேலறை இந்தக் கணக்கைவிடச் சிக்கலானது, ஆனாலும் விஷயத்தின் சாரம் இதுதான்.

உங்கள் அண்ணனுக்கு ரத்த அழுத்தம், உடல் எடை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், தைராய்டு, வால்வுக் கோளாறு இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மேலறையை இழுத்து விரித்து, தழும்பு விழச் செய்து, விறகைக் காயவைப்பவை இவைதான். வயதும் அந்த வேலையைச் செய்யும், அதை மட்டும் நம்மால் தடுக்க முடியாது.

கேள்வி: ஏட்ரியல் ஃப்ளட்டர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஃப்ளட்டரில் ஒரே ஒரு அலை, ஒரே பாதையில், ஒழுங்காகச் சுற்றுகிறது. பெரும்பாலும் வலது மேலறையில், அதற்கும் வலது கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வின் விளிம்பைச் சுற்றி. இ.சி.ஜி. தாள் கையில் இருந்தால் நீங்களே பார்க்கலாம். வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் ஒரு பெரிய கட்டம் என்பது 0.2 நொடி. ஃப்ளட்டரில் ரம்பத்தின் பற்கள் மாதிரி அலைகள் வரிசையாக இருக்கும், ஏறக்குறைய ஒரு பெரிய கட்டத்துக்கு ஒரு பல். அதாவது நிமிடத்துக்கு 300. ஏ.வி. கணு பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கீழே விடும், அதனால் நாடி 150. ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்கு நாடி 150-லேயே ஆணி அடித்த மாதிரி நின்றால், எந்த மருத்துவருக்கும் முதலில் ஃப்ளட்டர் சந்தேகம்தான் வரும். ஏ.எஃப்.-இல் அந்தப் பற்கள் இருக்காது, கோடு முழுக்கச் சிறு நடுக்கம், பெரிய துடிப்புகளுக்கு இடையே கட்டங்களை எண்ணினால் ஒவ்வொன்றும் ஒரு எண்.

ஃப்ளட்டரின் பாதை மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவே உள்ள ஒரு குறுகிய தசைப் பாலத்தின் மேல் போயாக வேண்டும். அங்கே கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக ஒரு கோடு சுட்டுவிட்டால் சுற்று அறுந்துவிடுகிறது. மைன்ஸ் சொன்ன ‘வளையத்தை வெட்டிப் பார்’ சோதனை இப்படித்தான் சிகிச்சையாகிவிட்டது. ஒருவருக்கே ஃப்ளட்டரும் ஏ.எஃப்.-உம் மாறி மாறி வருவது சகஜம், ஏனென்றால் விறகு ஒன்றுதான்.

கேள்வி: ஐந்து வருடம் முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் வந்து போகும். பிறகு மாதம் ஒருமுறை, சில மணி நேரம். இப்போது மூன்று வாரமாக நிற்கவே இல்லை. ‘தானாகப் போய்விடுகிறதே’ என்று ஆரம்பத்தில் யாரிடமும் காட்டவில்லை. நான் செய்த தவறுதானா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வந்து தானாகப் போகும் ஒன்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் என்ன நடந்தது என்பது உங்களுக்கும், உங்கள் நிலைமையில் ஐந்து வருடம் முன்னால் நிற்கிற மற்ற வாசகர்களுக்கும் தெரிய வேண்டும்.

நெதர்லாந்தில் மௌரிட்ஸ் அலெஸியின் ஆய்வுக்கூடத்தில் ஆடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, 1995-ல் வெளியானது. ஆடுகளின் மேலறையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒரு கருவியோடு இணைத்தார்கள். இதயம் சீரான துடிப்புக்கு வந்துவிட்டது என்று கண்டவுடன் அந்தக் கருவி ஒரு நொடி வேக மின்துடிப்பு கொடுத்து மறுபடி ஏ.எஃப்.-ஐ உண்டாக்கிவிடும். இரவும் பகலும் இதே வேலை. முதலில் ஒவ்வொரு தடவையும் ஏ.எஃப். சில நொடிகளில் தானாக நின்றது. ஆரோக்கியமான இதயம், அலைக்கு இடம் இல்லை. நாள் போகப் போக, நிற்பதற்கு அதிக நேரம் பிடித்தது. கடைசியில் 11 ஆடுகளில் 10-க்கு ஒருமுறை தொடங்கினால் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கவே இல்லை. அந்த ஆடுகளுக்கு ரத்த அழுத்தம் இல்லை, வால்வுக் கோளாறு இல்லை. ஏ.எஃப்.-இலேயே இருந்தது ஒன்றுதான் அவற்றின் மேலறையை மாற்றியது. ஏ.எஃப்.-தான் ஏ.எஃப்.-ஐப் பெற்றெடுக்கிறது என்று அந்த ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நிமிடத்துக்கு 400, 500 முறை தூண்டப்படும் செல்லுக்குள் ஒவ்வொரு தடவையும் கால்சியம் நுழைகிறது. இப்படியே போனால் கால்சியத்தில் மூழ்கிச் செத்துவிடும். தப்பிக்க அது தன் கால்சிய வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றும் வாசல்களைக் கூட்டிக்கொள்கிறது. செல் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் விலையாக அதன் மின்துடிப்பும் ஓய்வு நேரமும் குறுகிவிடுகின்றன. மேலே போட்ட பெருக்கல் கணக்கை நினைத்துப் பாருங்கள், ஓய்வு நேரம் குறைந்தால் அலைக்கு வேண்டிய பாதையும் சிறிதாகிறது. தன்னைக் காத்துக்கொள்ள செல் செய்யும் காரியமே நோயைக் காப்பாற்றுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனதை உறுத்தும் விஷயம் இது.

இது முதல் கட்டம், சில நாட்களிலேயே நடந்துவிடும், திரும்பவும் சரியாகும். அந்த ஆடுகளைச் சீரான துடிப்புக்குக் கொண்டுவந்து விட்டதும் ஒரு வாரத்தில் ஓய்வு நேரம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இரண்டாவது கட்டம் மெதுவானது: மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மேலறை விரிகிறது, தசைக் கட்டுகளுக்கு நடுவே நார்த்திசு படிகிறது, செல்லுக்கும் செல்லுக்கும் இருந்த மின் இணைப்புகள் அறுந்தும் இடம் மாறியும் போகின்றன. இது எளிதில் திரும்பாது. ஏழு நாளுக்குள் நின்றுவிடுகிற ஏ.எஃப்.-க்கும், ஏழு நாளைத் தாண்டியதற்கும், ஒரு வருடத்தைத் தாண்டியதற்கும் மருத்துவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது இதனால்தான்.

உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. கதவு மூடிவிடவில்லை, இந்த வாரமே இதய மின்னியல் நிபுணரைப் பாருங்கள். கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களுக்குச் சீரான துடிப்பை மீட்கும் சிகிச்சையைச் சீக்கிரமே தொடங்கினால் பக்கவாதம், இதய மரணம் போன்றவை குறைகின்றன என்று 2020-ல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. பத்து நிமிடம் வந்து போனாலும் இ.சி.ஜி.-யில் பிடித்துப் பதிவு செய்யுங்கள் என்று எல்லோரையும் நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: எனக்கு எப்போதும் ராத்திரி தூக்கத்தில், அல்லது வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வருகிறது. என் நண்பருக்கோ மாடிப்படி ஏறினால், கோபப்பட்டால் வருகிறது. ஒரே நோய்தானா?

ஒரே நோய்தான், பொத்தானை அழுத்தும் கை வேறு. தூக்கத்திலும் சாப்பாட்டுக்குப் பிறகும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் அதிகம். அது இதயத்தை நிதானப்படுத்தும் என்று நாம் நினைப்போம், வேகத்தைப் பொறுத்தவரை உண்மைதான், ஆனால் மேலறைத் தசையின் ஓய்வு நேரத்தை அது குறுக்கிவிடும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாமல் திட்டுத் திட்டாக. சுற்றோட்டத்துக்கு அது வசதியாகப் போய்விடுகிறது. உங்கள் நண்பருக்கு வேலை செய்வது அட்ரினலின். செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி, நான் முன்பு சொன்ன கசிவைத் தூண்டும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எப்போது வந்தது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் குறிப்பு உதவும். ராத்திரியில் வருகிறவர்கள் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது இருக்கிறதா என்று கூடப் படுப்பவரிடம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடைத்த மூச்சுக்குழாயை எதிர்த்து மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய மேலறைச் சுவர் இழுபடுகிறது.

கேள்வி: வார இறுதியில் மட்டும் குடிப்பேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நேராகச் சொல்லுங்கள்.

உண்டு. ஆஸ்திரேலியாவில் தவறாமல் குடிக்கும் 140 ஏ.எஃப். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நிறுத்தச் சொன்னார்கள், 2020-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்ப வந்தது நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கு, நிறுத்தாதவர்களில் 73 சதவீதம் பேருக்கு. உங்களுக்கு ஏற்கெனவே ஏ.எஃப். இருந்தால், விட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சரி செய்யலாம் என்கிறார்கள். கேட்டதும் எங்களுக்குக் கை கால் ஆடிவிட்டது. தாறுமாறாக ஓடும் மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் மின்சாரம் எப்படிச் சரிசெய்யும்? இதயம் நின்றுவிடாதா?

பயம் நியாயமானது, ஆனால் விஷயம் புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மேலறையில் சுற்றும் அலைகள் உயிரோடு இருப்பது எதனால்? எந்த நேரத்திலும் எங்கோ ஓரிடத்தில் ஓய்வெடுத்துத் தயாராக இருக்கும் தசை அவற்றுக்கு முன்னால் இருப்பதால். அதிர்ச்சி கொடுக்கும்போது அநேகமாக எல்லாச் செல்களும் ஒரே கணத்தில் தூண்டப்பட்டு, ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. அலைகளுக்குப் போக இடம் இல்லை, எல்லாம் ஒன்றாக அணைகின்றன. ஓரிரு நொடி மௌனம். அப்புறம் சைனஸ் கணு தன் வேலையை ஆரம்பிக்கும். அந்த ஓரிரு நொடியை மானிட்டரில் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அறையில் யாரும் பேச மாட்டார்கள், பிறகு ஒரு சீரான சிறு மேடு, அதைத் தொடர்ந்து ஒரு துடிப்பு, இன்னொரு மேடு, இன்னொரு துடிப்பு என்று வரிசையாக வரும். அம்மாவுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், வலி தெரியாது. அதிர்ச்சியும் கண்ட நேரத்தில் அல்லாமல், கீழறைத் துடிப்போடு பொருந்தும் நொடியில்தான் பாயும்படி கருவி பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள்: ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து. நடுங்கும் மேலறையில், குறிப்பாக இடது மேலறையில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் பையில், ரத்தம் தேங்கி உறையும். சீரான துடிப்பு திரும்பிய பிறகும் அந்தத் தசை சில வாரங்கள் மந்தமாகவே இருக்கும். அதனால்தான் வழக்கமாக முன்னால் மூன்று வாரம், பின்னால் குறைந்தது நான்கு வாரம் மருந்து தொடர வேண்டும் என்பார்கள். சிலருக்கு அதற்குப் பிறகும், வாழ்நாள் முழுக்க. ‘துடிப்புதான் சரியாகிவிட்டதே’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்பது பல வருடங்களாகத் தெரிந்த உண்மை.

கேள்வி: எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. கைக்கடிகாரம்தான் ‘ஒழுங்கற்ற துடிப்பு’ என்று காட்டியது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடக் கூடாது. அறிகுறி இல்லாவிட்டாலும் ரத்தம் உறையும். கடிகாரம் சொன்னதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் வேண்டாம், கூடுதல் துடிப்புகளைக்கூட அது அப்படிச் சொல்லலாம். இ.சி.ஜி. எடுத்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: நிறையச் செலவழித்து அப்லேஷன் செய்துகொண்டேன். ஆறு வாரத்தில் மறுபடி படபடப்பு. ஏமாந்துவிட்டேனா?

இன்னும் அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஏ.எஃப். அப்லேஷனில் அடிப்படையாகச் செய்வது, நுரையீரல் சிரைகள் மேலறையில் திறக்கும் வாயைச் சுற்றி வளையமாகத் தழும்பு உண்டாக்குவது. சிரைக்குள் பொறி பறந்தாலும் அது வேலியைத் தாண்டி மேலறைக்கு வர முடியாது. புதிதாகச் சுட்ட இடத்தில் வீக்கமும் எரிச்சலும் இருக்கும்போது, முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு வருவது சகஜம், அதைத் தோல்வியாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்குப் பிறகும் வந்தால் இரண்டு காரணம் யோசிக்க வேண்டும். வேலியில் எங்கோ ஓரிடம் ஆறி, இடைவெளி விட்டு, பொறி வெளியே வர வழி கிடைத்திருக்கலாம். இரண்டாவது முறை அந்த இடத்தை மட்டும் தேடி அடைப்பார்கள். அல்லது உங்கள் மேலறை பொறியை எதிர்பார்த்து நிற்கும் கட்டத்தைத் தாண்டி, சுற்றுகளைத் தானே தாங்கும் நிலைக்கு வந்திருக்கலாம். அந்தச் சுற்றுகளை உள்ளே எது ஓட்டுகிறது என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பல சிற்றலைகள் ஒன்றையொன்று மோதி, உடைந்து, பெருகிக்கொண்டே இருக்கின்றன என்பது கோர்டன் மோ 1960-களின் ஆரம்பத்தில் கணினி மாதிரி வைத்துச் சொன்னது. ஓரிரண்டு சுழல்கள்தான் தலைமை தாங்குகின்றன, மற்றவை அவற்றிலிருந்து சிதறுபவை என்பது ஹோசே ஹாலிஃபே போன்றவர்களின் கட்சி. சுழல்களைத் தேடித் தேடிச் சுட்டுப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத முடிவுகளைத் தந்திருக்கின்றன. அதனால் நீண்டகால ஏ.எஃப்.-க்கு அப்லேஷன் செய்தால் நிச்சயம் குணமாகும் என்று யாராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால், அவரிடம் இன்னும் சில கேள்விகள் கேளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. எடை அதிகம் இருந்தால் குறையுங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைத் தக்கவைத்தவர்கள், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஏ.எஃப். இல்லாமல் இருந்தார்கள். அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு உயிரியல் மாணவி. ஜெல்லி மீன், ஆமை, ஆடு என்று சோதனை செய்கிறார்கள். விலங்குகளுக்குத் தானாகவே இந்த நோய் வருமா? எலிக்கு வருமா?

குதிரைக்கு வரும், அதுவும் மற்றபடி ஆரோக்கியமான குதிரைகளுக்கே. பந்தயத்தில் திடீரென்று பின்தங்கும் குதிரையைப் பரிசோதித்தால் சில சமயம் ஏ.எஃப். இருக்கும். காரணத்தை நீயே சொல்லிவிடலாம் பார்: குதிரையின் மேலறை மிகப் பெரியது, வேகஸ் நரம்பின் ஆதிக்கமும் அதிகம், ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 துடிப்புதான். அலைக்கு வேண்டிய பாதை குறுகியது, இடமோ தாராளம். எலியின் மேலறை சில மில்லிமீட்டர்தான், அலை திரும்பவே இடமில்லை. சாதாரண எலிக்குத் தானாக வருவது மிக அரிது, ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றியோ வேறு வழியிலோ சிரமப்பட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறது.

1914-ல் வால்டர் கேரி என்பவர் இதை இன்னும் எளிமையாகக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத் தசையிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை வெட்டினால், அந்தத் துண்டில் நடுக்கம் நின்றுவிடும். பெரிய பகுதி தொடர்ந்து நடுங்கும். அதையும் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனால், ஒரு அளவுக்குக் கீழே எதுவும் நடுங்காது. 1987-ல் ஜேம்ஸ் காக்ஸ் என்ற அறுவை நிபுணர் மனிதனின் மேலறையில் இதையே செய்தார். துண்டாக வெட்டி எடுக்கவில்லை, கத்தியால் கோடுகள் போட்டுத் தைத்தார். ஆறிய தழும்புகள் சுவர்களாக நின்றன, நடுவில் சந்து சந்தாகப் பாதைகள் மிஞ்சின. சைனஸ் கணுவின் அலை அந்தச் சந்துகள் வழியாக ஏ.வி. கணு வரை போய்ச் சேரலாம், எந்தச் சந்திலும் திரும்பிச் சுற்ற முடியாது. புதிர்ப்பாதை என்ற பொருளில் அதற்கு ‘மேஸ்’ என்றே பெயர். வேறு காரணத்துக்காகத் திறந்த இதய அறுவை செய்துகொள்ளும் ஏ.எஃப். நோயாளிகளுக்கு அதன் திருத்திய வடிவத்தை இன்றும் செய்கிறார்கள்.